காகிதத்தில் அழகர் குதிரை: மாறுவேடப் போட்டிக்கு எது தாங்கும்?

யூகேஜி அம்மா | 21 அக்டோபர் 2024, இரவு 9:40

நவம்பர் 14 பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. தலைப்பு ‘நம்ம ஊரு’, எங்களுக்கு மதுரை. பையனுக்கு அஞ்சு வயசு, உயரம் 108 செ.மீ. அழகர் குதிரையில வர்ற கோலம் செய்யணும். வாடகை உடை வேண்டாம். கையில இருக்கிறது கிரேப் தாள், சார்ட், பழைய நாளிதழ், அட்டைப்பெட்டி. உடம்பு முழுக்கக் கிரேப் தாளே போதும், லேசா இருக்கும், விலையும் கம்மின்னு நினைக்கிறேன். மேடையில நாலு நிமிஷம்தான், ஆனா காலை எட்டு மணிக்கே போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க.

கத்தரிக்கோல் | 21 அக்டோபர், இரவு 10:15

உடம்பு முழுக்கக் கிரேப் வேண்டாம்மா. எட்டு மணிக்குப் போட்டா ஒன்பது மணிக்கு அக்குள்ல கிழிஞ்சிரும். வேர்வை பட்டா சாயம் இறங்கும். பச்சையும் சிவப்பும்தான் ரொம்ப மோசம், வெள்ளைச் சட்டையில ஒட்டுனா வெளுத்தாலும் போகாது.

உடம்புல ஒட்டுற இடத்துக்குத் துணி, விரிஞ்சு நிக்கிற இடத்துக்கு அட்டை, தொங்குற இடத்துக்குக் கிரேப். இந்த மூணையும் பிரிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

பழைய பனியன் ஒண்ணை எடுத்து அது மேல கிரேப்பை வரிசை வரிசையாத் தைங்க.

படம்வரை | 22 அக்டோபர், காலை 6:50

அண்ணே, பனியனை மட்டும் மறுக்கிறேன். பனியன் இழுபடும், காகிதம் இழுபடாது. தலை வழியா மாட்டும்போது துணி விரியும், தையல் போட்ட கோட்டுலயே தாள் கிழியும். பொத்தான் வச்ச பழைய சட்டையை எடுங்க. திருப்பிப் போட்டு, பொத்தான் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி வைங்க. முன்பக்கம் முழுசா அலங்காரத்துக்குக் கிடைக்கும். குழந்தை கையை நீட்டி நின்னாலே போதும், மாட்டிரலாம்.

கத்தரிக்கோல் | 22 அக்டோபர், காலை 7:30

படம்வரை டீச்சர் சொல்றது சரி, பனியனை விட்டுருங்க. சட்டைதான்.

மிஷின்ல தாளைத் தைக்கிறவங்க தையல் நீளத்தைக் கடைசி வரைக்கும் கூட்டி வைக்கணும், நாலு மில்லிமீட்டருக்குக் குறையாம. பொடித் தையல் போட்டா தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை விழுந்து, அந்தக் கோடு வழியாவே பிரிஞ்சு வந்துரும். தாள் ஊசி முனையை மழுக்கிரும், அதனால தூக்கிப் போட வச்சிருந்த பழைய ஊசியை மாட்டிக்கோங்க. ஒவ்வொரு வரிசைக்கும் மேல் ஓரத்துல மட்டும் தையல். கீழ் ஓரம் சும்மா தொங்கட்டும்.

வரிசையைக் கீழே இருந்து தொடங்கி மேலே போங்க, கூரை வேயுற மாதிரி. மேல இருந்து ஆரம்பிச்சா அடுத்த வரிசையைத் தைக்கிறப்ப முதல் வரிசை மிஷின் பாதத்துக்கு அடியில மாட்டும்.

யூகேஜி அம்மா | 22 அக்டோபர், மதியம் 1:05

சட்டை இருக்கு, பச்சையே இருக்கு. அப்ப மேல் உடம்புக்குக் காகிதமே வேண்டாமா? கறுப்புல செய்யணும்னு மாமியார் சொல்றாங்க, கள்ளர் வேஷம்தானேன்னு.

மேடை ஓரம் | 22 அக்டோபர், மாலை 6:20

ரெண்டும் வேற வேற கட்டம். அழகர்மலையில இருந்து புறப்படுறப்பதான் கண்டாங்கி உடுத்தி, நேரிக்கம்புங்கிற தடியைப் பிடிச்சு, கள்ளர் கோலம். சித்ரா பௌர்ணமி அன்னைக்கு வைகையில இறங்குறது தங்கக் குதிரையில, பட்டு உடுத்தி. எந்த நிறப் பட்டுன்னு சனங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. பச்சைன்னா அந்த வருஷம் செழிக்கும்கிறது நம்பிக்கை. குதிரை வைக்கிறீங்கன்னா பச்சைதான் பொருத்தம். ஆண்டாள் மாலையும் போடுங்க, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வர்ற மாலையைத் தல்லாகுளத்துல சாத்திக்கிட்டுத்தானே ஆத்துக்கு வர்றார். மாலையைக் காகிதத்துல செஞ்சாப் பூவை விட லேசு, வாடவும் வாடாது.

படம்வரை | 22 அக்டோபர், இரவு 8:45

ஆமாம்மா, மேல் உடம்புக்குச் சட்டையே போதும். காகிதத்தை நகைக்கும் கொண்டைக்கும் குதிரைக்கும் வச்சுக்கோங்க. துணியால சுலபமா முடியுறதைக் காகிதத்துல செய்யக் கூடாது. பாரதியார் வேஷம் போட வர்ற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்றேன். அவர் 1904-ல இங்க சேதுபதி பள்ளியில தமிழாசிரியரா இருந்தவர்ங்கிறதால நம்ம ஊர்த் தலைப்புன்னா பத்துப் பேர் அந்த வேஷத்துல வருவாங்க. கறுப்புக் கிரேப்ல கோட்டு செஞ்சா முழங்கை மடங்குற இடத்துல முதல்ல போகும். அதுக்கு வீட்டுல இருக்கிற கோட்டும், வெள்ளை வேட்டியில முண்டாசும் போதும்.

கழுத்து மணிக்கு: வழவழப்பான விளம்பரத் தாளை 28 செ.மீ. நீளம், அடியில 2 செ.மீ. அகலம், நுனி கூராகிற முக்கோணமா வெட்டணும். அகலப் பக்கத்தை ஈர்க்குச்சி மேல வச்சு இறுக்கிச் சுத்தி, கடைசி 4 செ.மீ.க்கு மட்டும் பசை தடவி ஒட்டிட்டு, குச்சியை உருவிடணும். முழு நீளத்துக்கும் பசை தடவினா குச்சியோட ஒட்டிக்கிட்டு வராது. ஒரு மாலைக்கு 40 மணி போதும். கோத்த பிறகு பொன் நிறம் பூசுங்க. தனித்தனியாப் பூசினா துளை அடைச்சிக்கும்.

விளாச்சேரிப் பக்கம் | 23 அக்டோபர், இரவு 11:10

பசையைப் பத்தி யாரும் பேசலை. காகித வேலை கெட்டுப் போறதுக்குப் பெரும்பாலும் பசைதான் காரணம்.

அரை டம்ளர் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணியில கட்டியில்லாமக் கரைங்க. ரெண்டு டம்ளர் தண்ணி நல்லாக் கொதிக்கும்போது இதை ஊத்தி, கை விடாமக் கிண்டுங்க. வெள்ளையா இருக்கிறது கண்ணாடி மாதிரித் தெளிய மூணு நிமிஷம் ஆகும். தெளிஞ்சதும் இறக்குங்க. தெளியாத பசை காஞ்ச பிறகு மாவா உதிரும். ஆறின பிறகு தோசை மாவுப் பதத்துக்கு இருக்கணும். தண்ணியா இருந்தா தாள் ஊறிச் சொதசொதன்னு ஆகும், கெட்டியா இருந்தா உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

சுவரொட்டி ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க. குழந்தை உடைக்கு அது கூடவே கூடாது, விஷம். ஒரு கரண்டி உப்புப் போட்டாப் போதும்.

நாளிதழைக் கத்தரிக்காம மேலேர்ந்து கீழே கையால கிழிங்க. அந்தத் திசையில நேரா வரும், குறுக்கே கிழிச்சாக் கோணும். அதுதான் தாளோட நார் ஓடுற திசை. முதல் அடுக்கு நெடுக்க ஒட்டுனா, ரெண்டாவது குறுக்க, மூணாவது மறுபடி நெடுக்க. மூணும் ஒரே திசையில போனா நார் வழியாவே விரிசல் ஓடும். கிழிச்ச ஓரம் மெல்லிசா இருக்கிறதால ஒண்ணு மேல ஒண்ணு படியும், வெட்டின ஓரம் படி படியாத் தெரியும்.

மேடை ஓரம் | 24 அக்டோபர், காலை 5:55

உப்பு வேண்டாங்க. சித்திரை மாசம்னா பரவாயில்லை, இது ஐப்பசி. மதுரைக்கு மழையே இந்த ரெண்டு மாசம்தான். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், காஞ்ச அட்டை ராத்திரியோட ராத்திரியா மறுபடி நமுத்துப் போகும். ஆறின பசையில கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு விடுங்க, பூசணம் தள்ளிப் போகும். கரப்பானுக்கும் எலிக்கும் மைதாப் பசை சாப்பாடு. ராத்திரியில தரையில விடாம கொடியில கட்டித் தொங்க விடுங்க.

விளாச்சேரிப் பக்கம் | 24 அக்டோபர், காலை 9:30

ஒத்துக்கிறேன். உப்பு வெயில் காலத்துக்குத்தான். மழைக்காலத்துக்குப் புளியங்கொட்டைப் பசை இன்னும் நல்லது. தோல் நீக்கின கொட்டையை மாவாக்கிக் காய்ச்சணும், நேரம் பிடிக்கும், பொம்மை வேலைக்குத்தான் அது கட்டுப்படியாகும். நாலு நிமிஷ மேடைக்கு மைதாவே போதும்.

கத்தரிக்கோல் | 25 அக்டோபர், இரவு 9:00

இப்ப குதிரை. பொய்க்கால் குதிரையில இடுப்பைச் சுத்திக் கூடு இருக்குமே, அந்த வழிதான். கட்டைக் கால் மட்டும் கிடையாது.

பெட்டி 45 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம். மூணு அடுக்கு அட்டை போதும், அஞ்சு அடுக்கு கனக்கும். அட்டைக்குள்ள இருக்கிற அலைவரி செங்குத்தா நிக்கிற பெட்டியாப் பாத்து எடுங்க, படுத்திருந்தா ஓரம் அமுங்கும். அடிப்பக்க மடல் நாலையும் முழுசா வெட்டிருங்க. மேல்பக்கத்தை ஒட்டி மூடி, நீள்வட்டமா ஓட்டை போடுங்க. இடுப்பளவை விடச் சுத்திலும் மூணு விரல் கூட இருக்கணும்.

ஓட்டை நடுவுல வேண்டாம். இதுலதான் எல்லாரும் தப்பு பண்றது. குதிரைத் தலை முன்னால இருக்கிறதால பெட்டி முன்பக்கம் குப்புறச் சாயும், குழந்தை ரெண்டு கையாலயும் பெட்டியைப் பிடிச்சிக்கிட்டே நிக்கும், கும்பிடக் கூட முடியாது. ஓட்டையை நடுவுல இருந்து அஞ்சு செ.மீ. முன்னால தள்ளிப் போடுங்க. பின்பக்கம் பெட்டி நீண்டு நிக்கும், அந்தக் கனம் தலையைச் சமன் பண்ணும். அப்பவும் சாஞ்சா நாளிதழை மடிச்சுக் கட்டி வால் பக்கம் உள்ளே ஒட்டுங்க. விரிச்ச முழுத்தாள் ஒண்ணு பதினாறு கிராம் இருக்கும், பத்துத் தாள்னா 160 கிராம்.

தோள்வாருக்குச் சணல், நைலான் கயிறு எதுவும் வேண்டாம், கழுத்தை அறுக்கும். பழைய சேலைக் கரையை நாலு செ.மீ. அகலத்துக்கு வெட்டிக்கோங்க. முதுகுல பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காப் போகணும், நேராப் போட்டாத் தோள்ல இருந்து வழுக்கும். வார் நுழையுற ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் உள்ளங்கை அளவு அட்டை கூடுதலா ஒட்டிக் காய வச்சுட்டு, அப்புறம் துளை போடுங்க. இல்லேன்னா பெட்டி அந்த இடத்துல பிய்யும்.

படம்வரை | 26 அக்டோபர், காலை 10:20

குதிரைத் தலை: பக்கவாட்டு உருவத்தை 35 செ.மீ. உயரத்துக்கு அட்டையில வரைஞ்சு ரெண்டு வெட்டுங்க. நடுவுல 8 செ.மீ. நீளத்துக்கு நாளிதழ்ச் சுருள் ஆறேழு நிறுத்தி, ரெண்டையும் ஒட்டணும். நடு இடைவெளியை மூடக் காகிதப் பட்டை ரெண்டு அடுக்கு போதும். உள்ளே தாளைத் திணிக்காதீங்க. கனம் கூடும், நடு ஈரம் நாலு நாளானாலும் காயாது. கழுத்து பெட்டியோட சேர்ற இடத்துல அட்டையை 6 செ.மீ. நீளமா விட்டு, பெட்டியில கீறல் போட்டு உள்ளே சொருகி, ரெண்டு பக்கமும் மடிச்சு ஒட்டணும். மேலோட்டமா ஒட்டின தலை நடக்கும்போது ஆடி ஆடி விழும்.

ஒரு பக்கம் மட்டும் பசை தடவின அட்டை காயும்போது அந்தப் பக்கம் வளையும். வெளியே தாள் ஒட்டினா உள்ளேயும் ஒரு அடுக்கு ஒட்டுங்க, இழுப்பு சமமாகும். காயப் போடுறது மின்விசிறிக்குக் கீழே, திருப்பித் திருப்பி, ரெண்டு நாள். வெயில்ல வச்சா மேல் தாள் முதல்ல காஞ்சு கோணிரும்.

யூகேஜி அம்மா | 28 அக்டோபர், இரவு 10:00

பெட்டி தயார். ஓட்டை முன்னால தள்ளித்தான் போட்டேன், நேரா நிக்குது. தங்க நிறத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டினா எல்லா இடத்துலயும் சுருக்கம் விழுது. ஸ்பிரே அடிச்சிரலாமா? குதிரைக்கு அலங்காரப் பட்டை தெர்மாகோல்ல வெட்டி வச்சிருக்கேன்.

மேடை ஓரம் | 28 அக்டோபர், இரவு 10:35

தெர்மாகோல் மேல ஸ்பிரே அடிக்காதீங்க, கரைஞ்சு குழி விழுந்துரும். பட்டையை அட்டையில வெட்டிக்கோங்க.

ஜிகினாத் தாளை வழுவழுன்னு ஒட்டப் பாக்காம, முதல்லயே கசக்கி, விரிச்சு, அப்புறம் ஒட்டுங்க. எல்லா இடமும் ஒரே மாதிரிச் சுருங்கி இருந்தா அடிச்ச தகடு மாதிரித் தெரியும், தப்பும் மறையும். மைதாப் பசை வேண்டாம், ஃபெவிகாலைத் தாளோட பின்பக்கத்துல மெல்லிசாத் தடவுங்க. முழங்கை அளவுத் துண்டு துண்டா ஒட்டினாச் சுலபம்.

கத்தரிக்கோல் | 29 அக்டோபர், காலை 7:10

குதிரைக்குக் கீழே சுத்தித் தொங்குற துணி மாதிரி வேணுமே, அங்கதான் கிரேப். பொதுவா ஒரு மடிப்பு அரை மீட்டர் அகலம், ரெண்டரை மீட்டர் நீளம் வரும். பெட்டியோட சுத்தளவு 150 செ.மீ. நீளம் முழுசையும் கொசுவினாச் சரியா அடங்கும்.

சுருக்கக் கோடு மேலிருந்து கீழா நிக்கணும். கிரேப் கோட்டுக்குக் குறுக்கேதான் இழுபடும். கோட்டைப் படுக்க வச்சாத் தன் கனத்துலயே நீண்டு, எட்டு மணிக்குக் கணுக்கால்ல இருந்தது பத்து மணிக்குத் தரையில புரளும், பையன் மிதிச்சு விழுவான். கோடு நின்னாக் கீழ் ஓரத்தை ரெண்டு கட்டைவிரலால விரலகலத்துக்கு ஒரு தடவை இழுத்து விடலாம், அலை அலையா நிக்கும்.

பெட்டி அடியில இருந்து தரைக்கு 35 செ.மீ. இருந்தா, 33 செ.மீ. வெட்டி 3 செ.மீ. உள்ளே ஒட்டுங்க. கணுக்கால் தெரியணும். மிச்சம் 17 செ.மீ. பட்டை நிக்கும், அதையே ஒரு செ.மீ. அகலக் கீத்தாக் கீறினாப் பிடரிமயிருக்கும் வாலுக்கும் ஆச்சு. மேல மூணு செ.மீ. கீறாம விடுங்க.

ஜரிகைக்குத் தனியாக் காசு போட வேண்டாம். புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்காரங்க திருவிழா உடை தைக்கிறவங்க. வெட்டுத்துண்டு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. பெட்டி ஓரத்துக்கு ரெண்டு விரல் அகலம் கிடைச்சாலே குதிரை களை கட்டிரும்.

மேடை ஓரம் | 30 அக்டோபர், மாலை 4:15

நாளைக்குத் தீபாவளி. செஞ்சு வச்சதை மாடி, பால்கனி, ஜன்னல் ஓரம் எங்கேயும் வைக்காதீங்க. கிரேப் ஒரு பொறியில பத்திக்கும். உள் அறையில வச்சுக் கதவைச் சாத்துங்க.

பள்ளிக்கூடத்துக்கும் இதைச் சொல்லி வைக்கணும். விழாவுல குத்துவிளக்கு மேடை ஓரத்துல எரியும். காகித உடை போட்ட பிள்ளைங்க விளக்கு இருக்கிற பக்கமா ஏறக் கூடாது. எதிர்ப்பக்கமா ஏத்தச் சொல்லுங்க, இல்லேன்னா விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. கையில சூடம், தீபம் எதுவும் கொடுக்காதீங்க, நடிப்புக்குன்னாலும் சரி. மழைக்குத் தாங்கட்டும்னு கிரேப் மேல மெழுகு தேய்க்கிறவங்க உண்டு, அது திரியாத்தான் ஆகும்.

விளாச்சேரிப் பக்கம் | 2 நவம்பர், இரவு 8:20

கொண்டைக்கு அளவு: நெத்தியைச் சுத்தி நாடா வச்சு அளந்து, அதோட ரெண்டரை செ.மீ. கூட்டுங்க. தலையில எண்ணெய் வச்சுச் சீவின பிறகு அளங்க. சார்ட் முழுத்தாள் 56-க்கு 71 செ.மீ. நீளவாக்குல 5 செ.மீ. பட்டை ரெண்டு வெட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா வளையம். உட்புறம் பருத்தித் துணி வச்சு ஒட்டணும். நெத்தி வேர்வை பட்டா மைதாப் பசை இளகிப் பிசுபிசுக்கும், பிள்ளை பிடுங்கி எறிஞ்சிரும்.

கொண்டைக்குச் சின்ன பலூன் ஊதி, மேல மூணு அடுக்கு ஒட்டி, காஞ்சதும் பலூனைக் குத்தி எடுத்துட்டுப் பாதியா வெட்டுங்க. முதல் அடுக்கைப் பசை இல்லாம வெறும் தண்ணியில நனைச்சு ஒட்டினாத்தான் பலூன் பிரிஞ்சு வரும்.

நாளிதழ் மேல நேரா வண்ணம் பூசினா எழுத்து தெரியும். கடைசி அடுக்கு மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டிருங்க, ஒரே பூச்சுல வேலை முடியும்.

ஸ்டேப்ளர் அடிக்கிறதா இருந்தா முள்ளு வெளிப்பக்கம் வரணும், மேல டேப் ஒட்டணும்.

யூகேஜி அம்மா | 9 நவம்பர், மதியம் 2:30

எல்லாம் சேர்த்து நிறுத்தாச்சு. பெட்டி, தலை, கிரேப் மூணும் சேர்ந்து 480 கிராம். கொண்டை 90. ரெண்டு சந்தேகம். ஸ்கூட்டர்ல எப்படிக் கொண்டு போறது? இடையில ஒண்ணுக்குப் போகணும்னா?

படம்வரை | 9 நவம்பர், இரவு 7:45

ரெண்டுக்கும் ஒரே பதில்தான், துண்டு துண்டாப் போறது. வார் முடிச்சை முன்பக்கம் உருவு முடிச்சாப் போடுங்க. ஒரு பக்கம் இழுத்தாப் பெட்டி கீழே இறங்கிரும், பையன் காலைத் தூக்கி வெளியே வந்துரலாம். முதுகுல முடிச்சுப் போட்டா வகுப்பு ஆயாம்மா அவிழ்க்கத் திணறுவாங்க. உள்ளே சாதாரணக் கால்சட்டை போட்டு விடுங்க.

ஸ்கூட்டர்ல பெட்டியை முன்னால வைக்காதீங்க, காத்து தலையை ஒடிச்சிரும். ஆட்டோதான் நல்லது. கிரேப்பை மேல மடிச்சுப் பெட்டிக்குள்ளேயே செருகி, பெரிய பிளாஸ்டிக் பையைக் கவுத்து மூடுங்க. கொண்டையும் மணியும் தனி டப்பா. பையில கத்தரி, டேப், ஊசி நூல், நாலு முழத்துக்கு மிச்ச நாடா. கிரேப் மிச்சத்துல கை அகலத் துண்டு ஒண்ணு வச்சுக்கோங்க, கிழிஞ்ச இடத்துக்குப் பின்னால ஒட்ட ஆகும்.

நாளைக்கே ஒரு தடவை போட்டு, பத்து நிமிஷம் நடக்க வச்சு, தரையில உக்காரச் சொல்லிப் பாருங்க. பிய்ய வேண்டியது நாளைக்கே பிய்யட்டும்.

யூகேஜி அம்மா | 10 நவம்பர், இரவு 9:15

உக்கார வச்சுப் பாத்தேன். பெட்டி நெஞ்சுக்கு ஏறி, பின்பக்க வார் ஓட்டை ஒண்ணு பிஞ்சிருச்சு. உள்ளே அட்டை ஒட்டியும்தான்.

கத்தரிக்கோல் | 10 நவம்பர், இரவு 9:50

உள்ளே ஒட்டின அட்டையோட அலைவரியும் பெட்டியோட அலைவரியும் ஒரே திசையில இருந்திருக்கும், பாருங்க. குறுக்கே திருப்பி ஒட்டணும், நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப துணித்துண்டு ஒண்ணை ஃபெவிகால்ல நனைச்சு ஓட்டையைச் சுத்தி உள்ளேயும் வெளியேயும் ஒட்டி, ராத்திரி முழுக்கக் காய விடுங்க. வாரைத் துளையில நேரா முடியாம, உள்பக்கம் விரல் நீளப் பென்சில் துண்டுல கட்டி நிறுத்துங்க. இழுப்பு துளையில விழாது, பென்சில் நீளம் முழுக்கப் பரவும். நாலு ஓட்டைக்கும் இதையே செய்யுங்க.

வரிசையில உக்கார வேண்டி வந்தாப் பெட்டியைக் கழட்டி மடியில வச்சுக்கச் சொல்லுங்க. இது நிக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் செஞ்ச கூடு, உக்காரத் தோதுப்படாது.

யூகேஜி அம்மா | 14 நவம்பர், மாலை 5:40

பென்சில் தாங்குச்சு, வார் எதுவும் பிய்யலை. கிரேப் ஓரத்துல ஒரு ஜாண் கிழிஞ்சது, கொண்டு போன துண்டை ஒட்டினேன். கொண்டைத் துணி நனைஞ்சும் வளையம் இளகலை. குதிரையை அடுத்த வருஷம் தங்கச்சி மகளுக்குக் கொடுக்கலாமா, இல்லை வீணாயிருமா?

விளாச்சேரிப் பக்கம் | 14 நவம்பர், இரவு 10:25

கிரேப்பை மட்டும் பிரிச்சு எடுத்துருங்க, அது அடுத்த வருஷம் வெளுத்து நிக்கும். பெட்டியையும் தலையையும் இன்னும் ரெண்டு நாள் விசிறியில காய வச்சு, வேப்பிலைச் சருகு போட்டுத் துணியில சுத்தி, பரண்ல சுவரைத் தொடாம வைங்க. மழைக்காலத்துச் சுவர்ல ஈரம் இருக்கும். தை பிறந்ததும் ஒரு தடவை இறக்கி, மடிப்புல கறுப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த இடத்துத் தாளை உரிச்சிட்டுப் புதுசா ரெண்டு அடுக்கு போட்டாச் சரியாப் போகும்.